கிளாசிக்கல் சாக்ஸபோன், கொயர் பாட்டு: இரண்டையும் தொழிலாகக் கொண்டுபோக முடியுமா?

ஈஃபிளாட் (கேள்வி)

வாசிப்பது ஆல்ட்டோ சாக்ஸபோன். மேற்கத்திய கிளாசிக்கல் முறை. கத்ரி கோபால்நாத் வழிவந்த கர்நாடக சாக்ஸபோன் பற்றிய கேள்வி இல்லை. இசைத் தேர்வில் எட்டாம் கிரேடு முடிந்தது. கொயரில் டெனர் வரிசை (ஆண்களின் மேல்குரல்). அடுத்து இசைக் கல்லூரி ஆடிஷன். இரண்டில் எதையும் பொழுதுபோக்காக ஒதுக்கிவிட எண்ணமில்லை.

சந்தேகங்கள் இவை. ஒரு மணி நேரம் சாக்ஸ் வாசித்துவிட்டுப் பாடினால் மேலே எஃப், ஜி எல்லாம் இறுகிப்போகிறது. ஏன், எந்த வரிசையில் பயிற்சி செய்வது? அடுத்து, வைப்ராட்டோ (ஸ்வரத்தை அசைப்பது) போடு என்கிறார் சாக்ஸ் ஆசிரியர், எடு என்கிறார் கொயர் மாஸ்டர். மூன்றாவது, சாக்ஸ் நோட்டில் சி என்றால் ஒலிப்பது ஈ ஃபிளாட், கொயர் நோட்டில் சி என்றால் சி. சைட் ரீடிங்கில் (புது நோட்டைப் பார்த்தவுடன் வாசிப்பது, பாடுவது) இது காலை வாருகிறது. கடைசியாக, ஆர்கெஸ்ட்ராவில் சாக்ஸுக்கு நாற்காலியே கிடையாது என்கிறார்கள். அப்படியானால் பிழைப்பு எப்படி நடக்கிறது?

நாணல்தட்டை

மூன்றாவதை முதலில் எடுக்கிறேன், அதுதான் சீக்கிரம் தீரும்.

ஸ்வரத்தின் பெயரைக் காதோடு கட்டிவைத்திருக்கிறீர்கள். பெயரை விரலோடு கட்டுங்கள், காதை ஸ்தானத்தோடு கட்டுங்கள். மேற்கத்தியப் பாடத்தில் ‘நகரும் டோ’ என்பார்கள். நம் சரிகம அதற்கு அப்படியே பொருந்தும், சா எங்கே வைத்தாலும் சா. எந்த எட்யூடையும் (பயிற்சித் துண்டு) வாசிக்கும் முன் முதல் எட்டு பாரை (தாளக் கட்டம்), சாக்ஸில் ஒலிக்கப்போகும் சுருதியிலேயே சரிகமவில் பாடிவிட்டு வாசியுங்கள். கொயர் நோட்டுக்கும் அதே முறை. சி, டி என்று பெயர் சொல்லிப் பாடுவதை முழுக்க நிறுத்துங்கள். தினமும் பத்து நிமிடம், இதுவரை பார்க்காத நோட்டாக இருக்க வேண்டும். பார்த்த நோட்டில் ஞாபகம்தான் வேலை செய்யும், கண் வேலை செய்யாது.

கொயர் ஸ்கோரை வாத்தியத்தில் வாசிக்க ஒரு குறுக்குவழி உண்டு. பாஸ் வரிசை (ஆண்களின் கீழ்க்குரல்) பாஸ் க்ளெஃபில் இருக்கும். க்ளெஃப் என்பது எந்தக் கோட்டில் எந்த ஸ்வரம் என்று சொல்லும் தொடக்கக் குறி. அதை ட்ரெபிள் க்ளெஃப் என்று பாவித்து, கீ சிக்னேச்சரில் (தொடக்கத்தில் போடும் ஷார்ப், ஃபிளாட் குறிகள்) மூன்று ஷார்ப் கூட்டுங்கள். ஃபிளாட் இருந்தால் மூன்று ஃபிளாட்டைக் கழியுங்கள். பாரிட்டோன் சாக்ஸில் அது பாஸ் பாடுபவரின் அதே சுருதியாக வரும், ஆல்ட்டோவில் ஒரு ஸ்தாயி மேலே. இடையில் வரும் குறிகளில் மட்டும் கவனம்: அப்படிப் பாவிக்கும்போது எஃப், சி, ஜி என்று படிக்கிற இடங்களில் ஃபிளாட் என்றால் நேச்சுரல், நேச்சுரல் என்றால் ஷார்ப். உங்கள் டெனர் வரிசையை டெனர் சாக்ஸில் வாசிப்பது இன்னும் சுலபம். ட்ரெபிள் க்ளெஃபில் எழுதியதை ஒரு முழு ஸ்வரம் ஏற்றி வாசித்தால் நேராக உங்கள் குரலின் சுருதி.

இனி நாதம். மேல் ஸ்வரம் இறுகுவதற்குப் பாதிக் காரணம் இங்கேதான் இருக்கும், தொண்டையில் அல்ல. பெரும்பாலும் தாடையால் மவுத்பீஸைக் கடிக்கிறீர்கள். சோதித்துப் பார்க்க மவுத்பீஸையும் (வாயில் பிடிக்கும் முனை) ரீடையும் (அதில் அதிரும் நாணல் தகடு) மட்டும் தனியாக ஊதி, ட்யூனரில் பாருங்கள். ஆல்ட்டோவுக்கு அது ஏ, அதாவது 880 ஹெர்ட்ஸ் பக்கம் வர வேண்டும். பி, சி என்று ஏறினால் தாடை அழுத்துகிறது. நாதம் மெலியும், மேல் ஸ்தாயி முழுக்க சுருதி ஏறும், கீழுதட்டின் உள்பக்கம் பல் பதியும். இறக்கும்போது தாடையைத் தொங்கவிடாதீர்கள். உதட்டின் இரு ஓரங்களையும் உள்நோக்கிப் பிடித்து, நாக்கின் பின்பகுதியை ‘ஊ’ சொல்லும் இடத்துக்குக் கொண்டுபோனால் சுருதி தானாக இறங்கும். ஏ-யிலிருந்து ஈ வரை, தாடை அசையாமல், வழுக்கிக்கொண்டு இறங்கி ஏறப் பழகுங்கள்.

அடுத்து ஓவர்டோன், அதாவது ஒரே விரல் வைப்பில் எழும் மேல் ஸ்வரங்கள். கீழ் பி ஃபிளாட் விரலை வைத்துக்கொண்டே, சாவி எதையும் மாற்றாமல், மேல் பி ஃபிளாட், எஃப், அதற்கும் மேல் பி ஃபிளாட், டி. ஒவ்வொன்றையும் வழக்கமான விரலில் வாசித்த ஸ்வரத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டின் நாதமும் ஒன்றுபோல் ஒலிக்க வேண்டும். வாய்க்குள் நடப்பது கிட்டத்தட்ட உயிரெழுத்தை மாற்றுவதுதான், எனவே பாடுகிறவர்களுக்கு இது மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடிபடும். பத்து நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் உதடு களைத்துக் கடிக்க ஆரம்பிக்கும், செய்த வேலை வீண்.

வாத்தியத்திலேயே உள்ள குறைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். நடு டி பெரும்பாலான சாக்ஸில் சுருதி ஏறும். இடது சுண்டுவிரலால் கீழ் பி சாவியைச் சேர்த்து மூடினால் கொஞ்சம் இறங்கும். எந்த விரலும் மூடாத சி ஷார்ப் மெலிந்து இறங்கும். உள்ளங்கையால் அழுத்தும் சாவிகளின் ஸ்வரங்கள் ஏறும். இதற்கெல்லாம் ட்யூனர் ஊசியைப் பார்த்துப் பழகுவதைவிட, ஒரு ட்ரோனை (தம்பூரா மாதிரி விடாமல் ஒலிக்கும் சுருதி) ஓடவிட்டு அதன்மேல் நீண்ட ஸ்வரம் பிடிப்பது நல்லது. மெட்ரோனோம் 60-இல் எட்டு எண்ணிக்கைக்குச் சத்தத்தை வளர்த்து, எட்டுக்குத் தேய்த்து. சுருதி நழுவுவது பெரும்பாலும் தேயும் பாதியில்தான்.

ரீட் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். செல்மர் எஸ் 80 சி ஸ்டார் அல்லது வாண்டோரன் ஏஎல்3 மாதிரி மவுத்பீஸுக்கு 3 எண் ரீடில் தொடங்கலாம். காற்றுச் சத்தம் வந்து கடிக்கவும் தோன்றினால் ரீட் கடினம். மேலே போகப் போக நாதம் நசுங்கி, சுருதி இறங்கி, திடீரென அடைத்துக்கொண்டால் ரீட் மென்மை. புது ரீடை முதல் நாள் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஊத வேண்டாம். நாலைந்து நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். நாலு ரீடைச் சுழற்சியில் வையுங்கள், தட்டையான கண்ணாடிப் பரப்புள்ள பெட்டியில். ஒரே ரீடை அது சாகும் வரை ஊதினால் உதடு அந்தச் செத்த ரீடுக்குப் பழகி, ஆடிஷன் வாரத்தில் புதிதை மாட்டியதும் எல்லாம் அந்நியமாகிவிடும்.

நாலாம்வரிசை

கொயர் பக்கம் நான் சொல்றேன். முதல் கேள்விக்கு நேர் பதில்: பாட்டு முதல்ல, சாக்ஸ் அப்புறம். தலைகீழா செய்ய வேண்டி வந்தா நடுவுல அரை மணி இடைவெளி.

காரணம் இதுதான். சாக்ஸ்ல காற்றைத் தடுத்து நிறுத்தறது ரீடு. குரல்நாண் திறந்து சும்மா இருக்கணும். பாடும்போது அந்த வேலையைக் குரல்நாணே செய்யுது. ஒரு மணி நேரம் தாடையும் நாக்கடியும் ஒரே நிலையில இறுக்கிப் பிடிச்சுட்டு, அதே பிடியோட எஃப், ஜி-க்குப் போனா குரல்வளை மேல ஏறி மாட்டிக்கும். டெனருக்குக் குரல் மாறும் இடமே அதுதான், அதனால அங்கே முதல்ல தெரியுது. கீழ ‘ஆ’ எவ்வளவு அகலமா வேணும்னாலும் பாடலாம். எஃப் தாண்டும்போது அதை ‘ஓ’ பக்கமா கொஞ்சம் குவிக்கணும். குவிக்காம அப்படியே தூக்கிட்டுப் போனா கத்தல்தான்.

சாக்ஸ் முடிஞ்சதும் ஒரு குழல் எடுத்து, நுனி ரெண்டு விரற்கடை தண்ணிக்குள்ள இருக்கிற மாதிரி வெச்சு, ‘ஊ’ன்னு மெல்லிசா மேலிருந்து கீழே வழுக்குங்க. மூணு நிமிஷம். குமிழி ஒரே சீரா வரணும். விட்டு விட்டு வந்தா மூச்சு தள்ளுறீங்க. அப்புறம் உதட்டை உதற விட்டு ப-ம-க-ரி-சா இறங்குவரிசை, நடு ஸ்தாயியில மட்டும். மேல போகவே வேண்டாம், அது அடுத்த நாள் காலைப் பயிற்சிக்கு.

வைப்ராட்டோ பத்தி. இதுல ஆசிரியரும் கொயர் மாஸ்டரும் முரண்படலை, ரெண்டும் வேற வேற பொருள். சாக்ஸ்ல நேர் ஸ்வரம்தான் அடிப்படை, அதன்மேல தாடையால அசைவைச் சேர்க்கறோம். குரல்ல நல்லா காற்று போனா அசைவு தானா வரும், கொயருக்காகக் குறைக்கறோம். சாக்ஸ் வாசிக்கறவங்க செய்யற தப்பு, தாடை அசைவைப் பாட்டுக்குள்ளயும் கொண்டுவர்றது. கட்டைவிரலை முகவாய்க்கு அடியில வெச்சு ஒரு நீண்ட ஸ்வரம் பாடுங்க. விரல் அசைஞ்சா அது வைப்ராட்டோ இல்லை, தாடை ஆட்டம். கொயர்ல பக்கத்துல நிக்கறவருக்கு உடனே கேட்கும்.

இன்னொரு தப்பு, அசைவை நிறுத்தக் குரல்வளையை அமுக்கறது. ஒரு மணி ரிகர்சல்ல குரல் செத்துடும். காற்றைக் குறைக்காதீங்க, சத்தத்தைக் குறைங்க, உயிரெழுத்தைக் குறுக்குங்க. அசைவு சின்னதா இருந்தா போதும், பூஜ்யமா இருக்கணும்னு எந்த நல்ல கொயர் மாஸ்டரும் கேட்கமாட்டார்.

சுருதி கணக்கு ரெண்டுக்கும் பொது. பியானோவோட அந்தர காந்தாரத்தைவிட கொயரோட சுத்தமான அந்தர காந்தாரம் 14 சென்ட் கீழே (சென்ட்னா அரை ஸ்வரத்துல நூத்துல ஒரு பங்கு). சாதாரண காந்தாரம் 16 சென்ட் மேலே. பஞ்சமம் 2 சென்ட் மேலே, அது கண்டுக்காத அளவு. அதனால கார்டுல (ஒரே நேரத்துல ஒலிக்கற ஸ்வரக் கூட்டு) உங்க ஸ்வரம் எதுன்னு தெரியாம ‘சுருதியா பாடு’ங்கறதுக்கு அர்த்தமே இல்லை. ஸ்கோர்ல மேஜர் கார்டோட காந்தாரம் உங்க வரிசைக்கு வர்ற இடத்துல எல்லாம் பென்சில்ல கீழ்நோக்கி ஒரு அம்பு போட்டுக்குங்க. சாக்ஸ் குவார்ட்டெட்டுக்கும் (நாலு சாக்ஸ் குழு) இதே அம்புதான்.

இனி தாளம். சாக்ஸ்ல நாக்கு தாளத்துல விழும். பாட்டுல உயிரெழுத்து தாளத்துல விழணும், மெய்யெழுத்து அதுக்கு முன்னாடி முடிஞ்சிருக்கணும். ‘க்லோ’ன்னா க்ல் முன்னாடி, ஓ தாளத்துல. வாத்தியத்திலிருந்து வர்றவங்க எல்லாருமே இதுல மயிரிழை பின்தங்குவாங்க. மூச்சும் அப்படித்தான்: நீண்ட வரியில பக்கத்துக்காரர் எடுக்கற இடத்துல எடுக்காதீங்க, பார் கோட்டுல எடுக்காதீங்க. ஒரு ஸ்வரத்து நடுவுல மெல்ல நழுவி, மூச்சு எடுத்து, மெல்ல உள்ளே வாங்க. சாக்ஸ் மாதிரி ‘ட’ன்னு மறுபடி தொடங்கினா ஓட்டை தெரியும்.

கொயர் ஆடிஷன்ல என்ன கேட்பாங்கன்னா: தயார் செஞ்ச பாட்டு ஒண்ணு, குரல் எல்லை, பியானோவில வாசிக்கற அஞ்சாறு ஸ்வரத்தைத் திருப்பிப் பாடறது, சைட் ரீடிங். நல்ல கொயர்னா நாலு பேர்ல ஒருத்தரா நிக்க வெச்சும் பார்ப்பாங்க. பெரும்பாலும் அதுலதான் முடிவாகும். சைட் ரீடிங்ல தப்பான ஸ்வரம் பாடினாலும் தாளத்தை விடாதீங்க. நின்னு திருத்தறவரை யாரும் எடுக்கமாட்டாங்க. லத்தீன் வரிகளுக்கு இத்தாலிய உச்சரிப்பா ஜெர்மன் உச்சரிப்பான்னு முன்னாடியே கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.

பி_ஃபிளாட்_கிளை

நாலாம்வரிசை சொன்ன ‘பாட்டு முதலில்’ என்பதில் ஒரு திருத்தம். சாக்ஸ் ஆடிஷனோ கச்சேரியோ உள்ள நாளில் முழு அளவுக்குப் பாட வேண்டாம், மூடிய வாயில் ஹம்மிங் பத்து நிமிடம் போதும். பாட்டில் விரிந்த வாயோடு உடனே மவுத்பீஸைப் பிடித்தால் உதட்டு ஓரம் தளர்ந்து கீழ் ஸ்வரங்கள் உடையும்.

மற்றொன்று. நவீனப் படைப்புகளில் வாசித்துக்கொண்டே தொண்டையில் பாடும் உத்தி வரும். அதில் குரல்நாண் எதிர்க்காற்றோடு உரசுகிறது. கொயர் நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் அந்தப் பக்கங்களைத் தொடாதீர்கள். ஸ்லாப் டங் (நாக்கால் ரீடை அறைந்து ஒலிப்பது), மல்ட்டிஃபோனிக்ஸ் (ஒரே நேரத்தில் பல ஸ்வரங்கள் எழுப்புவது) இவற்றால் குரலுக்குக் கெடுதல் இல்லை.

சாக்ஸ் வைப்ராட்டோ பழகும் முறையை யாரும் சொல்லவில்லையே. நடு ஜி-யைப் பிடித்து, மெட்ரோனோம் 76, ஒரு தட்டுக்கு முதலில் ஒரு அசைவு, பிறகு இரண்டு, மூன்று, நாலு. நாலு வந்தால் வினாடிக்கு ஐந்து அசைவு ஆகிறது, கிளாசிக்கலுக்கு அது போதும். சுருதியிலிருந்து கீழே போய்த் திரும்ப வேண்டும், மேலே தாண்டக் கூடாது.

ஒப்பந்தத்தாள்

பிழைப்புக் கேள்விக்கு வருகிறேன். ‘நாற்காலியே இல்லை’ என்பது கிட்டத்தட்ட உண்மை. சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவில் சாக்ஸ் நிரந்தர உறுப்பினர் அல்ல. தேவைப்படும் படைப்புக்கு மட்டும் அழைப்பார்கள், அந்த ரிகர்சலுக்கும் கச்சேரிக்கும் மட்டும் ஊதியம். ஆனால் அழைப்பு வரும்போது பெரும்பாலும் தனி வாசிப்பாக வரும். பிஸேயின் ‘லார்லெசியென்’ (1872), முசோர்க்ஸ்கியின் படக்காட்சித் தொகுப்புக்கு ராவெல் செய்த ஆர்கெஸ்ட்ரா வடிவம் (1922), ராவெலின் ‘பொலேரோ’ (1928), ராக்மனினோவின் சிம்ஃபனி நடனங்கள் (1940) இவற்றின் சாக்ஸ் பகுதிகள் எழுப்பிக் கேட்டாலும் வாசிக்கும் நிலையில் இருக்க வேண்டும். ‘பொலேரோ’வுக்கு டெனரும் சொப்ரானோவும் தேவை, எனவே ஆல்ட்டோ மட்டும் போதாது.

ஏன் இப்படி என்பதற்கு வரலாற்றில் காரணம் உண்டு. அடோல்ஃப் சாக்ஸ் 1846-இல் காப்புரிமை பெற்ற வாத்தியம் இது. பாரிஸ் கன்சர்வேட்டரியில் 1857-இல் அவரே வகுப்பு தொடங்கினார். 1870-இல் அது நின்றுபோனது. மறுபடி தொடங்கியது 1942-இல், மார்செல் மூல் பொறுப்பில். நடுவில் எழுபது ஆண்டு ஓட்டை. ஆர்கெஸ்ட்ரா அமைப்பு கெட்டிப்பட்ட காலம் அதுவேதான். முக்கியத் தனி வாசிப்புப் படைப்புகளும் அதனால் பிந்தியே வந்தன: கிளாசுனோவின் கான்சர்ட்டோ 1934, இபேரின் கான்சர்ட்டினோ 1935, க்ரெஸ்டனின் சொனாட்டா 1939. ஆடிஷன் பட்டியல்களில் இந்த மூன்றும் திரும்பத் திரும்ப வரும். கூடவே ஃபெர்லிங்கின் 48 எட்யூடுகள். ஓபோவுக்கு எழுதியவை, மெதுவானது ஒன்று வேகமானது ஒன்று என மாறி மாறி வரும். இரண்டு வகையிலும் ஒவ்வொன்று கேட்பார்கள். வேகமானதைத்தான் எல்லோரும் உருப்போடுவார்கள், தேர்வாளர் அதிகம் தெரிந்துகொள்வது மெதுவானதில்.

மாதச் சம்பளம் என்று பார்த்தால் ராணுவ இசைக்குழுக்கள், கல்லூரி, பள்ளி ஆசிரியப் பணி. மற்றபடி குவார்ட்டெட், தனி மாணவர்கள், இசை நாடகக் குழி (மேடைக்கு முன்னால் இசைக்குழு உட்காரும் பள்ளம்). குழியில் வேலை வேண்டுமானால் கிளாரினெட்டும் ஃப்ளூட்டும் சேர்த்து வாசிக்கத் தெரிய வேண்டும். மேடை நாடக நோட்டில் ஒரே ஆளுக்கு மூன்று வாத்தியம் எழுதியிருப்பார்கள். இங்கேதான் உங்கள் கணக்கு இடிக்கும். பாட்டுக்குச் செலவிடும் நேரம் அந்த இரண்டாவது வாத்தியத்துக்குப் போக வேண்டிய நேரம். இரண்டையும் இழுத்துக்கொண்டு கிளாரினெட்டும் கற்கிறேன் என்று கிளம்பினால் மூன்றும் அரைகுறை. என் தீர்ப்பு: குழி வேலையை மறந்துவிடுங்கள், குவார்ட்டெட், கொயர், ஆசிரியப் பணி என்ற மூன்று கால்களில் நில்லுங்கள்.

கொயரில் முழுநேரச் சம்பளம் அபூர்வம். ஜெர்மனியின் வானொலிக் கொயர்கள் அப்படிப்பட்டவை, பெர்லின் ருண்ட்ஃபுங்க்கோர் 1925-இலிருந்து இருக்கிறது. அங்கே போட்டி தனிப் பாடகர் பட்டம் முடித்தவர்களோடு. மற்ற தொழில்முறைக் கொயர்கள் பெரும்பாலும் நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி ஒப்பந்தம். தேவாலயக் கொயரில் ஒரு வரிசையைத் தாங்கும் ஆளாகச் சம்பளத்துக்குப் பாடுவது தொடக்கத்துக்கு நல்ல இடம்: வாரம் தவறாமல் புது நோட்டு, குறைந்த ரிகர்சல். சைட் ரீடிங் வேறு எங்கும் இவ்வளவு வேகமாக வளராது.

கல்லூரியில் எதை முதன்மைப் பாடமாக எடுப்பது என்றால், சாக்ஸ். குரல், அதுவும் ஆண் குரல், இருபதுகளின் பிற்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கும், அவசரப்படுத்த முடியாது. விரல் வேகமோ இப்போது விட்டால் பிறகு இரட்டிப்பு உழைப்பு. குரலை இரண்டாம் பாடமாக எடுத்து வாரம் ஒரு தனி வகுப்பு வாங்கிக்கொள்ளுங்கள். கொயர் ரிகர்சல் மட்டும் குரல் பயிற்சி ஆகாது.

ஆடிஷனுக்கு முன் அனுப்பும் முன்தேர்வு ஒலிப்பதிவில் வெட்டி ஒட்டுவதை ஏற்கமாட்டார்கள். ஒவ்வொரு படைப்பும் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே எடுப்பு. மைக்கை வாயருகே வைத்தால் சாவிச் சத்தமும் மூச்சும்தான் பதியும். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, தலைக்குச் சற்று மேலே. பியானோ ஒலி பின்னணியில் மங்கினால் உங்கள் சுருதியைத் தேர்வாளர் எதோடு ஒப்பிடுவார்?

நாட்காட்டியும் ஒரு தொல்லை. குவார்ட்டெட்டும் கொயரும் ஒரே டிசம்பரில்தான் குவியும். கொயர் ஒப்பந்தத்தில் கடைசி இரண்டு ரிகர்சலுக்கு வராவிட்டால் மேடை இல்லை என்று இருக்கும், கையெழுத்துக்கு முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

ஈஃபிளாட்

மவுத்பீஸ் தனியாக ஊதிப் பார்த்தேன், சி ஷார்ப் வருகிறது. கடிதான்! நன்றி. இன்னும் இரண்டு: கழுத்துப் பட்டையால் பாட்டுக்குக் கெடுதல் உண்டா? காதடைப்பான் போட்டு வாசித்தால் தலைக்குள் ‘ம்ம்’ என்று முழங்குகிறது, போடாமல் விடலாமா?

நாணல்தட்டை

சி ஷார்ப் என்றால் ஒரே நாளில் ஏ-க்கு இறக்க முயலாதீர்கள். மவுத்பீஸை கழுத்துக் குழாயின் கார்க்கில் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்றும் பாருங்கள். கடித்துக் கடித்து ஏறிய சுருதியைச் சரிக்கட்ட வெளியே இழுத்து வைத்திருப்பீர்கள். கடி குறையக் குறைய உள்ளே தள்ள வேண்டும், இல்லையென்றால் சுருதி இறங்கி, பயத்தில் மறுபடி கடிப்பீர்கள்.

பட்டையால் கெடுதல் உண்டு. ஆல்ட்டோ சுமார் இரண்டரை கிலோ, அது முழுக்கப் பிடரியில் தொங்குகிறது. தலை முன்னே நீளும், கழுத்தின் முன்தசை இறுகும், குரல்வளை அந்தத் தசைகளுக்கு நடுவில்தான் இருக்கிறது. இரு தோளிலும் பாரம் இறங்கும் ஹார்னஸுக்கு மாறுங்கள். உயரத்தைச் சரிசெய்யும் விதம்: முதுகும் பின்தலையும் சுவரில் பட நின்று நேரே பாருங்கள், வாத்தியத்தை வாய்க்குக் கொண்டுவாருங்கள். மவுத்பீஸ் மேல்பல்லுக்கு நேராக வர வேண்டும். அதைத் தேடி முகவாய் கீழே போனால் பட்டை தாழ்வு. நாக்கடி குரல்வளையை அமுக்கும். முகவாய் மேலே போனால் உயரம் அதிகம்.

காதடைப்பானை விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் வைக்கும் வரம்பு, 85 டெசிபலில் எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும். 94-இல் ஒரு மணி நேரம்தான். சின்ன அறையில் நாலு சாக்ஸ் சேர்ந்தால் அந்த அளவு சாதாரணம். முழக்கம் வருவது மேல்பல் மவுத்பீஸில் பதிந்திருப்பதால்: அதிர்வு எலும்பு வழியாக ஏறி, அடைத்த காதுக்குள் வெளியேற வழியில்லாமல் நிற்கிறது. நுரை அடைப்பானை வாசலில் மட்டும் செருகினால் இது மிக மோசம். காது அச்சு எடுத்துச் செய்த, ஆழமாக உட்காரும் வகையில் 9 டெசிபல் வடிகட்டி கேளுங்கள். மவுத்பீஸ் மேல் ஒட்டும் ரப்பர் துண்டும் கொஞ்சம் குறைக்கும். கொயரில் காதடைப்பானைக் கழற்றிவிடுங்கள். அடைத்த காதோடு பாடினால் உங்கள் குரல் மட்டும் பெரிதாகக் கேட்டு, பக்கத்துக்காரர் சுருதி காதில் விழாது. சொப்ரானோக்கள் (பெண்களின் மேல்குரல்) ஒரு பக்கமாகப் பின்னால் நின்று மேல் ஸ்தாயியில் பாடும் வரிசை அமைப்பு என்றால் அந்தப் பக்கக் காதுக்கு மட்டும் போடலாம்.